வேளாண் கல்லூரியில் முதல் செமஸ்டர்: குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு

வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்ததும் வீட்டில் பெட்டி வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பெட்டி, வாளி, தலையணை, ஒரு டின் ஏத்தங்காய் சிப்ஸ். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து போகிற பிள்ளைகளிடம் நான் முதலில் வாங்கச் சொல்வது ஒரு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நம் ஊரில் சொல்வது, வலப்பக்கம் வகுப்பில் சொல்வது.

முதல் செமஸ்டரில் பிள்ளைகளை மிரட்டுவது பெரும்பாலும் புதுச் சொற்கள்தான். நல்லமிளகுக் கொடி படர்ந்த முற்றத்தில் வளர்ந்த பெண், வகுப்பில் ‘பைப்பர் நைக்ரம்’ என்று கேட்டதும் ஏதோ தெரியாத செடி என்று விழிக்கிறாள். மரச்சீனி என்று நாம் சொல்லும் மரவள்ளிக்கிழங்கைப் பிடுங்கிய கையோடு போனவன் ‘மானிஹாட் எஸ்குலென்டா’வை மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி மனப்பாடம் செய்கிறான். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்த நிமிஷமே பாதி பயம் போய்விடும். அந்த வேலையைத்தான் நோட்டு செய்யும். வீட்டில் இருக்கும்போதே இடப்பக்கத்தை நிரப்பத் தொடங்கிவிடுங்கள். வலப்பக்கம் தானாக நிரம்பும்.

சரி, வரிசையாக வருவோம்.

காகித வேலை

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அருகில் இருப்பது வல்லநாட்டுப் பக்கம் உள்ள கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி. சிலர் மதுரைக்கோ திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போவார்கள். தோட்டக்கலை எடுத்தவர்கள் பெரியகுளம் போகலாம். எல்லாம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள். எங்கே போனாலும் கேட்கிற சான்றிதழ்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டிசி, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ். குடும்பத்தில் நீங்கள்தான் முதலில் பட்டப்படிப்புக்குப் போகிறீர்கள் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் வேண்டும். கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும், விட்டுவிடாதீர்கள்.

வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கை மாறி வர நாள் பிடிக்கும். அதனால் கலந்தாய்வு முடிவுக்காகக் காத்திராமல் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வங்கிக் கடனுக்கு, உதவித்தொகைக்கு என்று யார் கேட்டாலும் நகல்தான் கைகொடுக்கும். பத்து செட் நகல் எடுங்கள். தெளிவாக ஸ்கேன் செய்து செல்போனிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. உதவி பெறும் பள்ளிகள் அதிகம் உள்ள நம் மாவட்டத்தில் இது தெரியாமலே விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அதை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் இருக்கும் நாட்கள்

இந்த நாட்களை வீணாக்காதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். இத்தனை சின்ன மாவட்டத்தில் இத்தனை விதமான வேளாண்மை தமிழ்நாட்டில் வேறு எங்கும் அவ்வளவு எளிதில் பார்க்கக் கிடைக்காது. தோவாளையில் பூ, நாஞ்சில்நாட்டில் நெல், விளவங்கோட்டில் வாழை, குலசேகரம் பக்கம் ரப்பர், மலையில் கிராம்பு, கடற்கரையில் தென்னை. கன்னியாகுமரி மட்டி வாழைக்கும் கன்னியாகுமரி கிராம்புக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பஸ் ஏறினால் ஒரே நாளில் இவற்றில் பாதியைப் பார்த்துவிடலாம்.

முதலில் மூன்று மண் எடுங்கள். ஏலாவிலிருந்து, அதாவது நெல்வயலிலிருந்து ஒரு பிடி, ஏதாவது ஒரு மேட்டு விளையிலிருந்து ஒரு பிடி, கடற்கரைத் தென்னந்தோப்பிலிருந்து ஒரு பிடி. கல், வேர் எல்லாம் நீக்கிவிட்டு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு போலப் பிசையுங்கள். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடாவாக மெல்லத் தள்ளிப் பாருங்கள். கடற்கரை மண் நாடாவாக வரவே வராது, உதிர்ந்துவிடும். விரலைக் காதருகே வைத்துத் தேய்த்தால் கரகரவென்று சத்தம் கேட்கும். ஏலாவின் மண் வழுக்கிக்கொண்டு நீளும். ஐந்து சென்டிமீட்டர் தாண்டியும் அறாமல் தொங்கினால் அது களி. விளையின் சிவந்த மண் இரண்டுக்கும் நடுவே எங்காவது நிற்கும். அப்புறம் மூன்றையும் தனித்தனிக் கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலோரம் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்திலேயே அடியில் இறங்கிவிடும். வண்டல் இறங்க இரண்டொரு மணி நேரம் ஆகும். களி மறுநாள் காலையிலும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

மண்ணியல் பாடத்தில் மண்ணின் நயம் என்று முதலில் நடத்தப்போவது இதைத்தான். அங்கே முக்கோணப் படம் போட்டு விளக்கும்போது உங்கள் விரலுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். விளை மண் ஏன் சிவப்பு என்றும் அங்கே சொல்வார்கள். ஆண்டாண்டாகப் பெய்த கனமழை சுண்ணாம்புச் சத்தையும் மற்றவற்றையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விட, இரும்பு ஆக்சைடு மேலே தங்கிவிடுகிறது. அதனால்தான் அந்த மண் புளித்திருக்கிறது, அதாவது அமிலத்தன்மையோடு இருக்கிறது, அதனால்தான் நம் பக்கம் சுண்ணாம்பு இடச் சொல்கிறார்கள். ஊர்ப் பெயர் விளை என்று முடிகிறவர்கள் எத்தனை பேர் நம்மில்! அது மேட்டுத் தோட்ட நிலத்தைக் குறிக்கும் சொல். நோட்டின் முதல் வரியாக அதையே எழுதலாம்.

இரண்டாவது, திருப்பதிசாரம். நாகர்கோவிலுக்குப் பக்கத்திலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே இருக்கின்றன. டிபிஎஸ் 3, டிபிஎஸ் 5 என்று கடைகளில் கேட்கும் நெல் ரகங்களின் டிபிஎஸ் என்பது திருப்பதிசாரம்தான். வகுப்பில் ரகங்களின் பெயர் வரும்போது, முன்னால் நிற்கும் எழுத்துகள் அந்த ரகத்தை வெளியிட்ட நிலையத்தைக் குறிக்கும் என்று புரிந்துகொண்டால் போதும். ஏடிடி ஆடுதுறை, ஏஎஸ்டி அம்பாசமுத்திரம். வெறும் எண்களாகத் தெரிந்த பட்டியல் ஊர்களின் பட்டியலாக மாறிவிடும்.

வயல் பக்கம் போகும்போது வயதானவர் யாராவது இருந்தால் பருவத்தைக் கேளுங்கள். எங்கள் பாட்டா கன்னிப்பூ, கும்பப்பூ என்றுதான் சொல்வார். சித்திரை வைகாசியில் விதைத்து, மலையாள மாதக் கணக்கில் கன்னி மாதத்தையொட்டி, அதாவது ஆவணி புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. புரட்டாசி ஐப்பசியில் தொடங்கிக் கும்ப மாதத்தில், நம் மாசியில் அறுப்பது கும்பப்பூ. பூ என்றால் இங்கே போகம், அறுவடை மாதத்தை வைத்து அதற்குப் பெயர். கல்லூரிப் புத்தகத்தில் குறுவை, சம்பா, நவரை, சொர்ணவாரி என்று வரும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்பார்கள். நம் கன்னிப்பூ அவர்களுடைய காருக்குக் கிட்டத்தட்ட இணை, கும்பப்பூ பிசானத்துக்கு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நன்றாகப் பெய்வதால்தான் நம் மாவட்டத்தில் இந்த இரண்டு பூவும் நிலைத்தன. நோட்டில் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.

மூன்றாவது, முடிந்தால் ஒரு விடியற்காலை ரப்பர் தோட்டத்துக்குப் போங்கள். பால்வெட்டுகிறவர் இருட்டிலேயே நெற்றியில் விளக்கோடு வந்துவிடுவார். ஏன் இத்தனை சீக்கிரம் என்று கேட்டால் ‘வெயில் ஏறினா பால் நிக்கும் மக்கா’ என்பார். அவர் கத்தியைப் பாருங்கள். இடது பக்கம் மேலேயிருந்து வலது பக்கம் கீழே சரிவாக, பட்டையை நூல் போலச் சீவி எடுப்பார். ஒருபோதும் மாற்றி வெட்டமாட்டார். சின்ன வயதில் இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. காரணம் கல்லூரியில் கிடைத்தது. பட்டைக்குள் பால் ஓடும் குழல்கள் நேர் செங்குத்தாக இல்லை. மேலே போகப் போக லேசாக வலப்பக்கம் சாய்ந்து போகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் அதிகக் குழல்கள் திறக்கும், பாலும் அதிகம் வரும். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏறி இலை வழியே நீர் போகப் போக அழுத்தம் குறையும். அன்று சாயங்காலம் விடுதியிலிருந்து வீட்டுக்கு போன் போட்டு இதை அப்பாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவே கோடு அழிந்த நாள் அது.

தோவாளைப் பூச்சந்தைக்கும் விடியுமுன் போய்ப் பாருங்கள். பிச்சிப்பூவை மொட்டாகவே பறித்துக் கொண்டுவருவார்கள். அறுவடைக்குப் பின் பூ மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது, சூடு ஏறினால் சீக்கிரம் விரிந்து வாடும் என்பதெல்லாம் தோட்டக்கலையில் பின்னால் வரும்.

முதல் வாரம்

போனதும் பாடங்களுக்குப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் ஆலோசகராக இருப்பார். அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது, எனவே முதல் நாளிலேயே நேரில் போய் வணக்கம் சொல்லிவிடுங்கள். எந்த ஊர் என்று கேட்பார். ஊர்ப் பெயரோடு வீட்டில் என்ன பயிர் என்றும் சொல்லுங்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் பல உதவிகள் பிறக்கும்.

பாடப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 2+1, 1+1 என்று இருக்கும். முதல் எண் வகுப்பறைப் பாடம், இரண்டாவது எண் செய்முறை. 2+1 என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேர வகுப்பும், ஆய்வகத்திலோ பண்ணையிலோ இரண்டரை மணி நேரச் செய்முறையும். பொறியியலிலோ கலைக் கல்லூரியிலோ படிக்கும் நண்பர்களைப் பார்த்து வருகைப் பதிவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே 80 சதவீதம் வேண்டும், அதுவும் பாடவாரியாகப் பார்ப்பார்கள். ஒரு பாடத்துக்கு செமஸ்டர் முழுக்க 16 செய்முறை வகுப்புகள் நடந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்குப் போகவில்லை என்றால் 81 சதவீதம், தப்பித்தீர்கள். நான்காவது போனால் 75. அவ்வளவுதான், கரை ஒரே ஒரு வகுப்பில் இருக்கிறது.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தின் செய்முறை வெள்ளிக்கிழமை மதியம். ஒரு வெள்ளி ஊர்க்கோயில் கொடை, ஒரு வெள்ளி சித்தி மகள் கல்யாணம், ஒரு வெள்ளி சும்மா வீட்டு நினைப்பு. கடைசியில் காய்ச்சலில் படுத்த வாரமும் அதே நாளில் வந்து சேர்ந்தது. அந்தப் பாடத்தில் தேர்வு எழுத முடியவில்லை. அடுத்த ஆண்டு புதிதாக வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி படித்தேன். அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. உடம்பு சரியில்லாத நாளுக்காகவே அந்த மூன்று வகுப்புகளை ஒதுக்கி வையுங்கள். கால அட்டவணை கையில் கிடைத்த அன்றே, ஊரில் வரப்போகிற விசேஷ நாட்களை அதன் மேல் எழுதிப் பாருங்கள்.

ரெக்கார்டும் செடித் தொகுப்பும்

செய்முறை முடிந்த அன்று இரவே ரெக்கார்டு நோட்டு எழுதிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பண்ணையில் பார்த்த செடியின் இலை எதிரெதிரா மாற்றடுக்கா என்பதே மறந்துவிடும். பயிர்களின் அறிவியல் பெயரைக் கையால் எழுதும்போது முதல் சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து, இரண்டு சொற்களுக்கும் தனித்தனியாக அடிக்கோடு. இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒவ்வொரு தாளிலும் மதிப்பெண் போகிறது.

களைகளை உலர்த்திச் செடித் தொகுப்பு செய்யச் சொல்வார்கள். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே வரப்பில் போய்ப் பிடுங்குவார்கள், பூவில்லாத செடிகளாகக் கிடைக்கும். நீங்கள் முதல் வாரத்திலிருந்தே தொடங்குங்கள். இன்னும் நல்லது, வீட்டிலிருந்தே தொடங்குவது. கோரை, தொட்டாவாடி, நாயுருவி, கீழாநெல்லி, மூக்கிரட்டை என்று ஒரு விளையின் ஓரத்திலேயே பத்துப் பதினைந்து சேரும். வேரோடு, பூவோடு எடுங்கள். மண்ணைக் கழுவி ஈரத்தைத் துடைத்து, செய்தித்தாள் மடிப்புக்குள் இலைகள் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஒன்றிரண்டு இலைகளையாவது பின்பக்கம் தெரியும்படி திருப்பி வையுங்கள், நரம்பு அங்கேதான் தெளிவாகத் தெரியும். மேலே கனமான புத்தகங்கள்.

முதல் ஐந்து நாளும் தினமும் தாள் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குக் காலையும் மாலையும் மாற்றினாலும் தகும். ஒரு நாள் விட்டுவிட்டால் வெள்ளைப் பூஞ்சை ஏறிவிடும். நன்றாகக் காய்ந்த செடியை எடுத்தால் தண்டு விறைப்பாக நிற்கும், வளையாது. சிறு துண்டுத் தாளில் எடுத்த இடம், தேதி, நிலத்தின் தன்மை, ஊர்ப் பெயர் நான்கையும் அப்போதே எழுதிச் செடியோடு வையுங்கள். அறிவியல் பெயரும் குடும்பமும் பிறகு ஆசிரியரிடம் கேட்டுச் சேர்க்கலாம். எடுத்த இடத்தைப் பிறகு யாரிடமும் கேட்க முடியாது.

பூச்சித் தொகுப்பு, தனிப் பாத்தியில் பயிர் வளர்ப்பு எல்லாம் அடுத்தடுத்த செமஸ்டர்களில். பாத்தி கிடைக்கும்போது ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: விடுமுறைக்கு ஊருக்கு வருமுன் தண்ணீர் பாய்ச்ச யாரிடமாவது சொல்லிவிட்டு வர வேண்டும்.

பத்துமடங்கு பெரிதாகக் காட்டும் கை லென்ஸ் ஒன்றைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. நெல்பூவையும் இலைப்பேனையும் அதில் ஒரு தடவை பார்த்துவிட்டால் படம் பார்த்துப் படிக்க மனம் வராது. பாடத்துக்குத் துணையாகப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் இணையதளம் இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகவே படிக்கலாம். நோட்டின் வலப்பக்கத்தை நிரப்ப அதைவிட எளிய வழி இல்லை, இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

நிலம் மாறும்

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் பச்சை குறையத் தொடங்குவதை பஸ் ஜன்னலிலேயே பார்ப்பீர்கள். கிள்ளிகுளம் இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டு மழை நம் மாவட்டத்தில் பெய்வதில் ஏறத்தாழ பாதிதான். வெயில் வேறு மாதிரி அடிக்கும். அகலமான விளிம்புள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை, ஒரு லிட்டருக்குக் குறையாத தண்ணீர் பாட்டில், இவை இல்லாமல் பண்ணைக்குப் போக வேண்டாம். முதல் மாதத்தில் தலைசுற்றி உட்காருகிறவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம். சாப்பாடும் மாறும். சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும் பழகிய நாக்குக்கு விடுதிச் சாப்பாடு பிடிக்க ஒரு மாதம் ஆகலாம். அதற்காகக் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெயிலில் போய் நிற்காதீர்கள்.

ஒரு விஷயத்தைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். மூத்த மாணவர்களில் பெரும்பாலானவர்கள் நோட்டு கொடுப்பார்கள், பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். யாராவது மிரட்டினாலோ அவமானப்படுத்தினாலோ பொறுத்துப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. 1800-180-5522 என்ற இலவச எண் நாடு முழுவதற்கும் உண்டு. இந்த எண்ணை நோட்டின் கடைசி அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

ஊருக்கு வருவது

மாதம் ஒரு முறை வந்தால் போதும். கிள்ளிகுளத்துப் பிள்ளைகளுக்கு வழி நேரானது. வல்லநாட்டிலிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து நாகர்கோவில் வடசேரி. வந்தால் ஒரு வேலையும் வைத்துக்கொண்டு வாருங்கள். அந்த மாதம் வகுப்பில் கேட்ட ஏதாவது ஒன்றை வீட்டுத் தோட்டத்தில் தேடிப் பார்ப்பது. தென்னங்குருத்தில் விரித்துப் பார்த்தால் வி வடிவத்தில் வெட்டிய ஓலை தெரிகிறதா? காண்டாமிருக வண்டு வந்துபோன தடம் அது. அப்பாவுக்கோ பக்கத்து வீட்டு மாமாவுக்கோ காட்டுங்கள். அவர்கள் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு இடப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ஞாயிறு கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். மூன்று மணிக்கே வடசேரியில் ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும், இருட்டுமுன் விடுதி போய்ச் சேரலாம். திங்கள் காலைச் செய்முறைக்கு ரெக்கார்டில் முந்தின வாரப் படம் வரைய ஒரு மணி நேரமும் மிஞ்சும்.